பொய்க்கு 12 புள்ளி, பரீட்சைக்கு 52

கேள்வி: எனக்கு 33 வயது. மனைவி, மூன்று வயது மகளுடன் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பி.கொம் பட்டதாரி. கொழும்பில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதுவினைஞர், பிறகு உதவிக் கணக்காளர். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் கேட்டலுக்கு 7.5, மற்ற மூன்றுக்கும் 6.5 கிடைத்தது. என் அக்கா கனடியப் பிரஜை, ஸ்காபரோவில் இருக்கிறார்.

காலி வீதியில் உள்ள ஒரு குடிவரவு ஆலோசனை நிலையத்துக்கு இதுவரை நான்கரை இலட்சம் ரூபா கொடுத்திருக்கிறேன். இரண்டு இலட்சத்துக்குத்தான் பற்றுச்சீட்டு உண்டு. என் பெயரில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (கனடா புள்ளி வரிசைப்படி நிரந்தர வதிவிடத்துக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் இணைய முறை) கணக்குத் திறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்களிடமே இருக்கின்றன. நான்கு ஆண்டும் கணக்காளராக இருந்ததாக என் நிறுவனத்தின் கடிதத்தலைப்பில் அவர்களே ஒரு கடிதம் தயாரித்திருக்கிறார்கள். 2019 இல் பிரித்தானிய மாணவர் விசா மறுக்கப்பட்டதைச் சொல்லத் தேவையில்லை என்கிறார்கள். இன்னும் 15 இலட்சம் கொடுத்தால் கனடிய வேலைக் கடிதம் எடுத்துத் தந்து, 'டொரொண்டோ சட்டத்தரணி' மூலம் நிரந்தர வதிவிடம் உறுதி என்கிறார்கள். தொடரலாமா? பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? நீங்களே என் விண்ணப்பத்தைச் செய்து தருவீர்களா? ஊழியர் சேமலாப நிதியை இப்போதே எடுக்கலாமா?

பதில்: உங்கள் மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறேன், அதற்குத்தான் பதில் சுருக்கம். செய்து தரமாட்டேன். கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91 ஆம் பிரிவின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்லவோ பிரதிநிதியாக நிற்கவோ உரிமை உள்ளவர்கள் சிலர்தான். அந்நாட்டு மாகாணச் சட்டச் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரி என்ற உரிமம் வழங்கும் அமைப்பின் உறுப்பினர்கள், அவ்வளவே. புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக எத்தனை ஆண்டு கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாலும் நான் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் காலி வீதி நிலையமும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை. நான் இதை எழுதுவதற்குக் காசு வாங்கவில்லை. அவர்கள் நான்கரை இலட்சம் வாங்கியிருக்கிறார்கள்.

'டொரொண்டோ சட்டத்தரணி' உண்மையில் இருக்கிறாரா என்பதைக் கண்டறிய ஐந்து நிமிடம் போதும். அவருடைய முழுப்பெயரைக் கேளுங்கள். ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் பெயரேடும் ஆலோசகர் கல்லூரியின் பெயரேடும் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியவை. பெயர் சொல்லத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிரதிநிதியை நியமிக்கும் படிவத்தின் இலக்கம் 5476, அதில் உங்கள் கையொப்பம் இருக்கவேண்டும். அப்படியொரு படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதாவது கனடிய அரசின் கண்ணில் இந்த விண்ணப்பத்தை நீங்களே தனியாகச் செய்கிறீர்கள், பின்னால் யாரும் இல்லை. நாளை ஏதாவது பிழைத்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், காலி வீதிக்குப் போகாது.

இனி அந்தக் கடிதம். அதே சட்டத்தின் 40 ஆம் பிரிவு, முக்கியமான உண்மையை 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' பிழையாகக் காட்டினாலும் மறைத்தாலும் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தகுதியற்றவர் என்கிறது. அந்த ஐந்து ஆண்டும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. 'மறைமுகமாகவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். முகவர் எழுதினார், எனக்குத் தெரியாது என்ற வாதம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகிறது. உங்கள் விடயத்தில் 'தெரியாது' என்று சொல்லவும் வழியில்லை, எனக்கே எழுதிவிட்டீர்கள். குடிவரவு அதிகாரிகள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்பதும் உண்டு. உங்கள் மனிதவளப் பிரிவில் இருப்பவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தேயிராதவர். இலங்கைச் சட்டப்படியும் அது போலி ஆவணம்தான், அதைத் தெரிந்தே பயன்படுத்துவதும் குற்றம்.

இந்தப் பொய்யால் உங்களுக்கு என்ன இலாபம் என்று ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். (கணக்காளருக்கு நான் கணக்குச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான்.) கனடாவின் தொழில் வகைப்பாட்டில் கணக்கு எழுதுவினைஞர் 14200, நான்காம் தரம். அது திறன்சார் அனுபவமாக எண்ணப்படாது. உதவிக் கணக்காளராக நீங்கள் செய்த பேரேடு, வங்கி இணக்கக் கூற்று, மாதாந்த அறிக்கை போன்றவை பெரும்பாலும் 12200 இல் அடங்கும். அது இரண்டாம் தரம், ஆகவே எண்ணப்படும். கூட்டாட்சித் திறன்சார் தொழிலாளர் திட்டத்துக்குத் தேவை தொடர்ச்சியான ஓராண்டு. உங்களிடம் இரண்டு இருக்கிறது. நுழைவுத் தகுதி 100க்கு 67. உங்களுக்கு மொழிக்கு 20, பட்டத்துக்கு 21, இரண்டாண்டு அனுபவத்துக்கு 11, வயதுக்கு 12, அக்காவுக்கு 5. கூட்டினால் 69. உண்மையைச் சொல்லியே கதவைத் தாண்டிவிட்டீர்கள். நான்கு ஆண்டு என்று பொய் சொன்னால் 71 ஆகும், அவ்வளவே.

கதவுக்கு உள்ளே இருக்கும் வரிசையில்தான் உண்மையான போட்டி. அந்த வரிசைக்கு வேறு கணக்கு. மனைவியின் புள்ளிகளைச் சேர்க்காமல் பார்த்தால் வயதுக்கு 80, பட்டத்துக்கு 112, ஆங்கிலத்துக்கு 88, பட்டமும் மொழியும் சேர்ந்ததற்கு 13, அனுபவமும் மொழியும் சேர்ந்ததற்கு 13, கனடாவில் உடன்பிறப்பு இருப்பதற்கு 15. மொத்தம் 321. பொய்க் கடிதம் போட்டால் அனுபவத்தின் 13 வெறும் 25 ஆகிறது. பன்னிரண்டு புள்ளிக்காக ஐந்து ஆண்டுத் தடையைப் பணயம் வைக்கச் சொல்கிறார்கள். இப்போது வேறொன்றைப் பாருங்கள். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையை மறுபடி எழுதி நான்கு பகுதியிலும் அரை அரை மட்டும் கூட்டினால், அதாவது கேட்டல் 8, மற்றவை 7 என்று வந்தால், ஆங்கிலத்துக்கு 28, பட்டச் சேர்க்கைக்கு 12, அனுபவச் சேர்க்கைக்கு 12 என 52 புள்ளிகள் கூடுகின்றன. நிலையம் இதை உங்களுக்குச் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பரீட்சைக் கட்டணம் அவர்கள் கைக்குப் போவதில்லை.

ஆனாலும் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. 321 உடன் 52 சேர்ந்தால் 373. வரிசையில் மேலே இருப்பவர்களை விண்ணப்பிக்க அழைக்கும் பொதுச் சுற்றுகளில் தேவைப்பட்ட புள்ளி 2024 இல் எப்போதும் 500க்கு மேலேயே நின்றது. ஆகவே 'உறுதி' என்று உங்களிடம் யார் சொன்னாலும் அவர் விற்பனையாளர். நேரான வழிகள் இரண்டு தெரிகின்றன. ஒரு மாகாணம் உங்களை நியமித்தால் 600 புள்ளிகள் ஒரேயடியாகச் சேரும். எந்த மாகாணம் எந்தத் தொழிலைக் கேட்கிறது என்பது அடிக்கடி மாறுவதால் அந்தந்த மாகாணத்தின் தளத்தையே பார்க்கவேண்டும். மற்றது பிரெஞ்சு. நான்கு திறன்களிலும் கனடிய மொழி அளவுகோலின் ஏழாம் மட்டத்தை எட்டினால் உங்கள் ஆங்கிலத்துடன் சேர்த்து 50 மேலதிகப் புள்ளிகள் கிடைக்கும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று நடத்தும் தனிச் சுற்றுகளில் தேவைப்படும் புள்ளியும் பொதுச் சுற்றைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்திருக்கிறது. கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் பிரெஞ்சு மாலை வகுப்புக்குப் போவது 15 இலட்சம் கொடுப்பதைவிட மெதுவான வழி, உண்மைதான். வயதையும் மறக்காதீர்கள். இந்த வயதில் ஒவ்வொரு பிறந்தநாளும் 5 புள்ளியை எடுத்துக்கொண்டு போகிறது.

அந்த 15 இலட்ச வேலைக் கடிதத்துக்கு ஒரு வார்த்தை போதும். 2025 மார்ச் 25 முதல் வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு வரிசைப் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. முன்பு கொடுத்த அந்தப் புள்ளி நீக்கப்பட்டதற்கு முக்கிய காரணமே இப்படிப்பட்ட கடித வியாபாரம்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி: 2019 விசா மறுப்பு. விண்ணப்பத்தில் கனடாவோ வேறெந்த நாடோ உங்களுக்கு விசா மறுத்ததுண்டா என்று நேரடியாகக் கேட்கிறார்கள். மறுப்பு ஒரு குற்றமல்ல. மாணவர் விசா மறுக்கப்பட்ட எத்தனையோ பேர் பிற்பாடு கனடாவில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறார்கள். ஆனால் 'இல்லை' என்று எழுதினால் அதே மறுப்பு 40 ஆம் பிரிவுக்குள் வந்துவிடும். அன்று உங்கள் கைவிரல் அடையாளம் எடுத்திருப்பார்கள். பிரித்தானியாவும் கனடாவும் குடிவரவுத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் நாடுகள். 'ஆம்' என்று எழுதி, ஏன் மறுத்தார்கள் என்று இரண்டு வரி விளக்கம் கொடுத்து, மறுப்புக் கடிதத்தின் பிரதியை இணையுங்கள்.

இந்த வாரமே செய்யவேண்டியது கணக்கை உங்கள் கைக்குக் கொண்டுவருவது. பயனர் பெயர், கடவுச்சொல், பாதுகாப்புக் கேள்விகளின் விடைகள், இதுவரை பதிவேற்றிய எல்லாவற்றின் பிரதி, உங்கள் மூல ஆவணங்கள் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான், ஆனால் பதிவுத்தபால் இன்னும் நல்லது. கடவுச்சீட்டு அவர்களிடம் இருந்தால் அன்றே வாங்கிவிடுங்கள். அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. கணக்கைத் தர மறுத்தால் கனடிய குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவம் வழியாக, என் பெயரில் திறந்த கணக்கு என் கட்டுப்பாட்டில் இல்லை, அதிலுள்ள விபரங்களை நான் ஏற்கவில்லை என்று நீங்களே எழுதுங்கள். இன்னும் அழைப்பு வரவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். இந்தக் கட்டத்தில் விபரங்களைத் திருத்தலாம், கணக்கை மீளப்பெற்று உண்மையுடன் புதிதாகவும் தொடங்கலாம். அழைப்பு வந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்விட்டால் கதை வேறு. ஏற்கெனவே பொய்யான கடிதம் ஒன்று உருவாகிவிட்டதால், உரிமம் உள்ள கனடியச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மணித்தியால ஆலோசனைக்குக் காசு கொடுப்பது வீண்செலவல்ல. அதற்கு மேல் அவரை முழுமையாக அமர்த்துவது உங்கள் விருப்பம். சட்டத்தரணி வைத்தால் விண்ணப்பத்துக்குச் சலுகை எதுவும் கிடையாது.

உண்மையான சேவைக் கடிதத்தை உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டு பதவிகளையும் திகதிகளோடு தனித்தனியே குறிப்பிட்டு, செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், ஆண்டுச் சம்பளம், கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும் இருக்கவேண்டும். நம் ஊர் நிறுவனங்கள் 'இவர் நன்னடத்தை உள்ளவர்' என்று நான்கு வரியில் முடித்துவிடும், அது போதாது. பணிப் பட்டியலை நீங்களே உண்மையாக எழுதிக் கொடுத்துத் திருத்திக் கையொப்பமிடச் சொல்வதில் தவறில்லை. நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கூற்று ஆகியவை அதற்குத் துணை நிற்கும். குடியேறும் செலவுக்கு உங்களிடம் இருப்பதாகக் காட்டும் வைப்புப் பணத்துக்கும் இதே கண்டிப்புத்தான்: கடன் வாங்கிய காசை எண்ணமாட்டார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துக் கணக்கில் போட்ட பணமும் கடன்தான். வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி மீதி வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் நிரப்பிய கணக்கு உடனே தெரிந்துவிடும்.

நான்கரை இலட்சத்துக்கு நான் உதவலாம், அது இலங்கைச் சட்டம். முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். சில நிலையங்கள் அந்தக் கடிதத்துக்கே ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும், ஏனெனில் பெயர் வெளியே போவது அவர்களுக்குப் பயம். தராவிட்டால் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் ஆறு ஆண்டும், வாய்மொழி ஒப்பந்தம் என்றால் மூன்று ஆண்டும் அவகாசம் உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத இரண்டரை இலட்சத்துக்கு வங்கி மாற்றல் விபரம், பணம் எடுத்த திகதி, அன்று வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள், தொலைபேசியை மாற்றும்போது அழிந்துவிடும். தண்டனைச் சட்டக்கோவையில் மோசடிக்கு 398 முதல் 403 வரையான பிரிவுகள் இருக்கின்றன. பொலிஸ் முறைப்பாடும் செய்யலாம். வெளிநாட்டு வேலை எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்பதால் இன்னொரு கதவும் திறக்கிறது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்தரமுல்லையில் உள்ள பணியகத்தில் கேட்டால் அனுமதி உண்டா என்று சொல்வார்கள். முறைப்பாட்டுக்குப் போகும்போது போலிக் கடிதத்தைப் பற்றி மறைக்காதீர்கள், ஆனால் போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டுப் போங்கள்.

ஊழியர் சேமலாப நிதியை இப்போது எடுக்க முடியாது. நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்பவர் வயதுக்கு முன்பே அதைப் பெறலாம், அதற்கு நிரந்தர வதிவிட விசா கையில் இருக்கவேண்டும். அதுவரை உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் அங்கேயே இருக்கட்டும். வேலையையும் விடாதீர்கள், உதவிக் கணக்காளராக இன்னும் ஓராண்டு கடந்தால் மூன்றாண்டு ஆகிவிடும், அந்தப் பன்னிரண்டு புள்ளி தானாகவே வந்து சேரும்.