லாரவெல் திட்டங்களில் சார்புகளைக் கையாளுதல்: கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கூடும் எங்கள் தமிழ் நிரலாளர் குழுவினர் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலோர் பிஎச்பி மொழியில் லாரவெல் என்னும் திறமூலச் சட்டகத்தையும் அதன் கூறுகளை நிறுவித் தரும் கம்போசரையும் பயன்படுத்துகிறவர்கள் என்பதால், எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

கே (செந்தூல், கல்லூரி மாணவி): ஐயா, நான் நிறுவியவை ஐந்தே கூறுகள். கூறுகள் வந்து இறங்கும் வெண்டார் கோப்புறையில் எண்பதுக்கு மேல் கிடக்கின்றனவே, எங்கிருந்து வந்தன?

ப: பெரும்பகுதி லாரவெல் அழைத்து வந்தவை. உலாவியின் வேண்டுகோளைப் படிப்பது, கட்டளை வரியை நடத்துவது, மின்னஞ்சல் அனுப்புவது போன்ற பல வேலைகளை லாரவெல் தானே செய்யாமல் சிம்ஃபொனி என்னும் இன்னொரு சட்டகத்தின் கூறுகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தக் கூறுகளுக்கும் தத்தம் சார்புகள், அதாவது அவை இயங்கத் தேவைப்படும் வேறு கூறுகள், உண்டு. சம்பந்தம் செய்துகொண்டால் சம்பந்தி வீட்டு ஒன்றுவிட்ட மாமனும் பந்திக்கு வருவார் அல்லவா, அதைப் போன்றதுதான். அறிமுகமில்லாத பெயர் ஒன்று கண்ணில் பட்டால், ‘கம்போசர் வொய்’ என்று தட்டி அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்; அதை அழைத்து வந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

கே (கிள்ளான்): ‘இன்ஸ்டால்’, ‘அப்டேட்’ இரண்டும் கூறுகளைத்தானே இறக்குகின்றன? சர்வரில் எதை ஓட்டினால் என்ன?

ப: இந்த வேறுபாட்டை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கையில், ஒரு கோயிலின் பால்குடப் பதிவுத் தளத்தில் சிறு திருத்தம் ஒன்றை ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் சர்வரிலேயே ‘அப்டேட்’ கொடுத்துவிட்டேன். கட்டணக் கூறுக்கு எந்தப் பதிப்பானாலும் சரி என்று பொருள்படும் உடுக்குறியை (*) எங்களில் யாரோ எப்போதோ இட்டிருந்தோம். முதல் எண்ணே மாறிய புதிய பெரும்பதிப்பு வந்து இறங்கியது. பணம் போனது, ரசீது வரவில்லை. பழைய பதிப்பு எது என்று பார்க்கலாம் என்றால், நிறுவிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை, நிரலைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் நாங்கள் சேர்க்கவே இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் மாமாக் கடையொன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நண்பரின் மடிக்கணினியில் அதன் பிரதி இருந்ததால் அன்று இரவு தப்பித்தோம்.

‘அப்டேட்’ கட்டளை, நீங்கள் அனுமதித்த வரம்புக்குள் புதிய பதிப்புகளைத் தேடிக் கணக்கிட்டு, லாக் கோப்பைத் திருத்தி எழுதுகிறது. ‘இன்ஸ்டால்’, லாக் கோப்பு இருக்கும்வரை அதில் எழுதியிருக்கும் பதிப்புகளை அப்படியே இறக்குகிறது. முன்னது உங்கள் மேசையில் சோதனைகளோடு செய்ய வேண்டிய வேலை. சர்வருக்கு உரியது பின்னது மட்டுமே. லாக் கோப்பைக் கட்டாயம் களஞ்சியத்தில் சேருங்கள்.

கே (சுங்கை பட்டாணி): பதிப்பு எண்ணுக்கு முன் வரும் கூரைக்குறிக்கும் (^) அலைக்குறிக்கும் (~) என்ன வேறுபாடு?

ப: கூரைக்குறியோடு 1.2.3 என்று எழுதினால் அதிலிருந்து 2.0.0-க்கு முந்தைய எதுவும் வரலாம். அலைக்குறியோடு எழுதினால் 1.3.0-க்குள் நின்றுவிடும். ஆனால் அலைக்குறியோடு 1.2 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினால் எல்லை 2.0 வரை விரிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான் கூரைக்குறியையே பயன்படுத்துகிறேன். பூச்சியத்தில் தொடங்கும் பதிப்புகளிடம் அது தானாகவே கண்டிப்பாக இருக்கும்: 0.3 என்றால் 0.4-ஐத் தொடாது.

கே (பெட்டாலிங் ஜெயா): பழைய திட்டம் ஒன்றை லாரவெல் 8-இலிருந்து 9-க்கு ஏற்றியதும் மின்னஞ்சல் பகுதி முழுவதும் உடைந்துவிட்டது. ஸ்விஃப்ட் என்று தொடங்கும் வகுப்புகளைக் காணவில்லை என்கிறது. நான் எதையும் நீக்கவில்லையே, அண்ணே?

ப: நீக்கியது லாரவெல். அதுவரை லாரவெல் அஞ்சல் அனுப்பப் பயன்படுத்திய ஸ்விஃப்ட்மெய்லர் என்னும் கூறின் பராமரிப்பு 2021 நவம்பரில் முடிவுக்கு வந்தது; 2022 பிப்ரவரியில் வெளியான லாரவெல் 9 அதைக் கைவிட்டுச் சிம்ஃபொனி மெய்லருக்கு மாறியது. உங்கள் நிரலில் இரண்டு வகைச் சிக்கல்கள் கலந்திருக்கக்கூடும். ஸ்விஃப்ட் வகுப்புகளை நீங்களே நேரடியாக அழைத்து அஞ்சல் அனுப்பிய இடங்களில், அது உங்கள் சார்பாக இருந்தும் சார்புகளைப் பட்டியலிடும் உங்கள் கம்போசர் கோப்பில் நீங்கள் எழுதிவைக்கவில்லை; லாரவெல் கொண்டுவந்ததை இரவலாக எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எழுதியிருந்தால் அந்த இடங்கள் தொடர்ந்து ஓடியிருக்கும், பராமரிப்பு நின்ற கூறு உங்கள் பட்டியலிலேயே இருப்பதும் கண்ணில் பட்டிருக்கும். லாரவெல் தந்த அஞ்சல் பொருளைத் திருத்திய இடங்களிலோ, எழுதியிருந்தாலும் பயன் இல்லை, ஏனெனில் இப்போது கைக்கு வருவது சிம்ஃபொனியின் பொருள். ‘வித்ஸ்விஃப்ட்மெசேஜ்’ என்றிருக்கும் இடங்களை ‘வித்சிம்ஃபொனிமெசேஜ்’ என்று மாற்றி, உள்ளே அழைக்கும் செயற்கூறுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

நிரலில் எந்தக் கூறின் பெயரைச் சொல்கிறீர்களோ அதைக் கம்போசர் கோப்பிலும் சொல்லிவிட வேண்டும் என்பதே என் நடைமுறை. ‘கம்போசர் ரிக்வயர் செக்கர்’ என்னும் கருவி, விட்டுப்போனவற்றைத் தேடிக் கொடுக்கும். அஞ்சல், கட்டணம் போன்றவற்றுக்கு நமக்கென ஓர் இடைமுகம் எழுதி, எந்த இடைமுகத்துக்கு எந்த வகுப்பு என்று குறித்துவைக்கும் லாரவெலின் சர்வீஸ் கன்டெய்னரில் அதைப் பிணைத்துக்கொண்டால், அடுத்த முறை இப்படி நேரும்போது நாற்பது கோப்புகளுக்குப் பதில் ஒன்றைத் திருத்தினால் போதும். எல்லாக் கூறுகளுக்கும் இப்படிச் செய்யத் தொடங்காதீர்கள். அதுவே தனி வேலையாகிவிடும்.

கே (பட்டர்வொர்த்): இரண்டு கூறுகள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பெரும்பதிப்புகளைக் கேட்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் நோடில் இந்தத் தொல்லை இல்லையே?

ப: நோடில் ஒவ்வொரு கூறும் தன் கோப்புறைக்குள் தனிப் பிரதி வைத்துக்கொள்ளலாம். பிஎச்பியில் ஒரே பெயருள்ள வகுப்பை ஒரே ஓட்டத்தில் இருமுறை அறிவிக்க இயலாது. ஆகவே கம்போசர் ஒவ்வொரு கூறுக்கும் ஒரே பதிப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். ‘கம்போசர் வொய்நாட்’ கட்டளைக்குக் கூறின் பெயரையும் வேண்டிய பதிப்பையும் கொடுத்தால், வழிமறித்து நிற்பவர் யார் என்று காட்டும். பெரும்பாலும் அது பல மாதங்களாக யாரும் தொடாத சிறு கூறாகவே இருக்கும். அதன் களஞ்சியத்தில் வரம்பை விரித்து ஒரு திருத்தம் அனுப்புங்கள். ஒரு வரி மாற்றமாகத்தான் இருக்கும். பதில் வராவிட்டால் வேறு கூறு தேடுங்கள்.

கே (செலாயாங்): என் கணினியில் பிஎச்பி 8.3, வாடிக்கையாளரின் சர்வரில் 8.1. அங்கே கம்போசர் கூறுகளை நிறுவ மறுக்கிறது.

ப: கம்போசர் கோப்பின் ‘கான்ஃபிக்’ பகுதியில், ‘பிளாட்ஃபார்ம்’ என்பதற்குக் கீழே பிஎச்பி பதிப்பை 8.1 என்று எழுதிவிட்டு, உங்கள் கணினியில் மறுபடி ‘அப்டேட்’ ஓட்டுங்கள். தேவைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் தெரிவைப் போடாதீர்கள். போட்டால், நிறுவும்போது வர வேண்டிய பிழை பயனர் முன்னால் வரும்.

கே (பாயான் லெப்பாஸ்): நேரடியாக நிறுவாத கூறுகளின் பாதுகாப்புக் குறைகளுக்கும் நாம்தான் பொறுப்பா?

ப: ஆம். 2021 டிசம்பரில் ஜாவா உலகின் லாக்ஃபோர்ஜே நூலகத்தில் பெருங்குறை வெளிப்பட்டபோது, அந்த நூலகம் தங்களிடம் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்பதே பல குழுக்களுக்குப் பெரும்பாடாயிற்று, ஏனெனில் அது வேறொன்றின் வழியாக உள்ளே வந்திருந்தது. கம்போசர் 2.4 முதல் ‘ஆடிட்’ என்னும் கட்டளை உண்டு. அதைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்து, குறை தெரிந்தால் அந்தச் சோதனை ஓட்டம் அங்கேயே நிற்குமாறு செய்துவிடுங்கள்.

கே (செந்தூல், அதே மாணவி): நானும் தோழியும் ஆளுக்கொரு கூறு சேர்த்தோம். லாக் கோப்பில் மோதல் வந்துவிட்டது. கையால் சரிசெய்யலாமா?

ப: வேண்டாம் அம்மா. தோழியின் லாக் கோப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டு, உங்கள் கம்போசர் கோப்பில் உங்கள் மாற்றத்தை நீக்கிவிட்டு, நீங்கள் சேர்த்த கூறை மட்டும் மீண்டும் ‘ரிக்வயர்’ கட்டளையால் சேருங்கள்.