உள்ளே உடைத்தால் யார் கேட்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, டன்லப் ஸ்திரீட் பக்கத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு மாடிக் கடைவீடு இருக்கிறது. கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள் வளர்ந்தோம். இப்போது வாடகைக்கு விடலாம் என்று வேலை ஆரம்பிக்கப் போகிறோம். நடு முற்றத்தை மூடினால் ஓர் அறை கிடைக்கும், மரச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டால் பராமரிப்பு இல்லை என்கிறார் காண்ட்ராக்டர். முன்பக்கச் சுவரைத் தொடாதவரை யாரும் கேட்க மாட்டார்களாம். தம்பியும் அவர் பக்கம்தான். உண்மையா?
– லிட்டில் இந்தியா வாசகி

பதில்: உண்மை இல்லை, தங்கச்சி. சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தது 1989இல். போட் கீ, சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகிய நான்கும் வரலாற்று வட்டாரங்கள். இவற்றில் முகப்பு மட்டுமல்லாமல், முழுக் கட்டடமும் காப்பாற்றப்பட வேண்டும். கூரை, இரு வீட்டுக்கும் பொதுவான பக்கச் சுவர், மர உத்திரங்கள், மாடிப்படி, முற்றம் எல்லாமே கணக்கில் வரும். உள்ளே செய்யும் மாற்றத்துக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

உங்கள் காண்ட்ராக்டர் கேலாங், ஜூ சியாட் பக்கம் வேலை பார்த்தவராக இருக்கலாம். அங்கே விதி கொஞ்சம் தளர்வு. வீட்டின் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்பக்கம் உயர்த்திக் கட்ட இடம் தருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

முற்றத்துக்கு வருகிறேன். கடைவீடு என்பது ஒடுக்கமாகத் தொடங்கி நீளமாகப் போகிற வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், அதில் சன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சமும் காற்றும் முன்னால், பின்னால், அப்புறம் இந்த முற்றம் வழியாகத்தான். அதை மூடிப் பாருங்கள், பட்டப்பகலில் நடுவீட்டில் விளக்கு எரியும், ஏர்கான் ஓயாது, மாடிப்படிக்குக் கீழே புழுங்கல் வாசனை வரும். கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் பல வருடம் வரைபடம் போட்டவள் நான். முற்றம் மூடிய வீட்டுக்குள் அளவெடுக்கப் போனால் கையில் டார்ச் இல்லாமல் முடியாது. உங்கள் அப்பா மூட்டை அடுக்கிய இடத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஓர் அறை வாடகைக்காக அதை இழக்காதீர்கள்.

சன்னல் விஷயம் இன்னும் எளிது. ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து, சட்டத்தின் அடிப்பாகத்தைக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் மழை தங்குகிற கீழ்ச்சட்டத்தில்தான் முனை உள்ளே இறங்கும், மேலே ஏறஏற மரம் கல் மாதிரி நிற்கும். இற்ற பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டு, சாய்வுப் பலகைகளைக் கழற்றித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும். அலுமினியம் வேண்டாம். மரச் சன்னலுக்கு மரச் சன்னல்தான்.

செய்ய வேண்டியது என்ன? ஆணையத்தின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டி வீட்டின் நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கடைவீடுகளில் அனுபவமுள்ள பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரைப் பிடியுங்கள். விண்ணப்பம், வரைபடம் எல்லாம் அவர் வழியாகப் போகட்டும். உத்திரம், தளம் போன்றவற்றில் கை வைத்தால் கட்டட, கட்டுமான ஆணையத்திடமும் போக வேண்டியிருக்கும். உடைந்த கூரை ஓடுகளை எடுத்துவிட்டு அதே மாதிரி மெருகில்லாத களிமண் ஓடு போடுவது போன்ற பழுதுபார்ப்பு வேறு கதை. ஆனாலும் எது சின்ன வேலை என்பதைக் காண்ட்ராக்டர் வாயால் கேட்காதீர்கள், ஆணையத்துக்கே எழுதிக் கேளுங்கள். தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். காண்ட்ராக்டர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், ஆணையத்தின் கடிதம் வீட்டு உரிமையாளர்களான உங்களுக்குத்தான் வரும்.

கேள்வி: சுவரின் அடிப்பாகத்தில் இடுப்பளவுக்குப் பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கிறது. சிமெண்ட் பூசி, நல்ல பெயிண்டாகவே அடித்தோம். மறுபடியும் உப்புப் பூக்கிறது. பழைய வீடு என்றால் இப்படித்தானா?
– ஜூ சியாட் வாசகர்

பதில்: வீட்டைக் குறை சொல்லாதீர்கள் ஐயா, அந்தச் சிமெண்டைப் பாருங்கள். பழைய செங்கல் சுவர்களைச் சுண்ணாம்புக் காரையில் கட்டினார்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறும். மேலே சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் மாதிரி படிகிற பெயிண்டையும் அடித்தால் ஈரத்துக்குப் போக இடமில்லை. அது இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து அதைத் தள்ளும். சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவர் நன்றாக உலரும்வரை பொறுத்து, சுண்ணாம்புப் பூச்சும் ஈரம் வெளியேற விடுகிற பெயிண்டும் போடச் சொல்லுங்கள். உலர மாதக்கணக்கில்கூட ஆகலாம். அவசரப்படுத்தினால் திரும்பவும் இதே கேள்வியோடு எழுதுவீர்கள்.

கேள்வி: மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கடன் கொடுக்கும் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன, என் தாத்தா அங்கே கணக்கெழுதினார். டன்லப் ஸ்திரீட் கடைவீட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது அவற்றை மட்டும் ஏன் இடித்தார்கள்?
– தோ பாயோ வாசகர்

பதில்: உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீளமான கூடம், தரையில் வரிசையாகத் தாழ்வான மேசைகள், பக்கத்தில் ஒரு பெட்டி. அதுதான் ஒரு நிறுவனத்தின் முழு அலுவலகம். இந்தத் தீவில் எத்தனையோ வியாபாரத்துக்கு முதல் கடன் அந்தத் தரையிலிருந்துதான் போனது. இன்று அங்கே வானளாவிய அலுவலகங்கள்.

இடித்த காலம் முக்கியம். அப்போது நகரமையத்தைப் புதிதாகக் கட்டுவதுதான் நோக்கம். கோயில்களையும் சில பெரிய கட்டடங்களையும் தேசியச் சின்னங்களாகக் காக்கச் சட்டம் இருந்தது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1973லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் சாதாரண மனிதர்கள் தொழில் செய்த, தூங்கிய தெருக்களை வரிசை வரிசையாகக் காக்கும் ஏற்பாடு 1989இல்தான் வந்தது. கிட்டங்கிகளுக்கு அது காலம் கடந்த உதவி. இன்று சிங்கப்பூரில் 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் அந்த ஏற்பாட்டின்கீழ் இருக்கின்றன. அதை நான் மனதார மதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். விதி சுவரைக் காக்கிறது, சுவருக்குள் நடக்கிற தொழிலைக் காக்க அதற்குக் கையில்லை. வாடகை ஏறினால் மாவு மில்லும் பூமாலைக் கடையும் போய்விடும், முகப்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். தாத்தாவின் கணக்குப் புத்தகமோ புகைப்படமோ வீட்டில் இருந்தால் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தில் காட்டுங்கள். அலமாரியில் கரையான் தின்ன விடாதீர்கள்.

கேள்வி: பக்கத்துக் கடையில் ஐந்தடி நடைபாதையின் பழைய பூ டைல்ஸை உடைத்து எடுக்கிறார்கள். நான் வாடகைக்கு இருப்பவள். யாரிடம் சொல்வது, சொன்னால் சண்டை வருமா?
– சையது ஆல்வி ரோடு வாசகி

பதில்: முதலில் போய் அன்பாகக் கேளுங்கள்: "அனுமதி வாங்கியாச்சா அண்ணே?" வாங்கியிருந்தால் காட்டிவிடுவார், விஷயம் முடிந்தது. ராஃபிள்ஸ் 1822இல் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோதே வீட்டுக்கு முன்னால் கூரையுள்ள தொடர் நடைபாதை விட வேண்டும் என்றார். உங்கள் தெருவில் எல்லோரும் நடக்கிற இடம் அது, அதனால் கேட்பதில் தப்பே இல்லை. மழுப்பினால் தேதி, கடை எண், உடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். புகார் கொடுக்க வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. இன்னும் உடைக்காத டைல்ஸையும் படம் எடுத்து வையுங்கள். அதே பூ, அதே நிறம் தேடிச் செய்கிறவருக்கு அந்தப் படம் தேவைப்படும்.