பதில்: காலிலிருந்து எடுத்த குழாய் 9 வருஷத்தில் அடைத்தது ஏன்?

பெரம்பூர் தம்பிக்கு, அப்பாவின் பைபாஸ் (அடைத்த இதயக் குழாயைத் தாண்டி ரத்தம் ஓட வேறு குழாயைத் தைக்கும் ஆபரேஷன்) முடிந்து 9 வருஷம். இப்போது ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களின் எக்ஸ்ரே படம்) காலிலிருந்து எடுத்து வைத்த நரம்பு இரண்டும் அடைப்பு, நெஞ்சின் உள்பக்கத்திலிருந்து எடுத்துத் தைத்த நெஞ்சுக்குழாய் மட்டும் ஓடுகிறது, 'டாக்டர் மட்டமான நரம்பை வைத்துவிட்டாரா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நான். பெரும்பாலும் இது அந்தக் குழாயின் சுபாவம் தம்பி.

நாம் நரம்பு என்பது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். படுத்திருக்கும்போது அதில் அழுத்தம் 10 மி.மீ. சுற்றித்தான். அதைத் தமனியாக (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயாக) தைத்ததும் ஒவ்வொரு துடிப்பிலும் 120/80 மோதுகிறது. புரசைவாக்கம் சந்துக்குள் அண்ணா சாலை வண்டிகளைத் திருப்பிவிட்ட கதை! தாக்குப்பிடிக்கச் சுவர் தடிக்கிறது. தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து பெருகி வழியைக் குறுக்குகின்றன. முதல் மாதத்திலேயே அடைத்தால் பெரும்பாலும் ரத்தக்கட்டி; குழாயை எடுக்கும்போது உள்சவ்வு காயப்படுவதும் ஒரு காரணம். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு தடித்த சுவரில் கொழுப்பு சேரும், அதுவும் சொந்தத் தமனியைவிட வேகமாக. 10 வருஷத்தில் ஏறக்குறைய பாதி சிரைகள் இப்படிப் போய்விடும். நெஞ்சுக்குழாய் பிறவியிலேயே தமனி, அதனால்தான் பத்தில் ஒன்பது ஓடிக்கொண்டிருக்கும்.

பீடி, சிகரெட் உண்டா? ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரையை நடுவில் விட்டாரா? (எங்கள் மாமனார் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டார்.) ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) பேச்சு வந்தால், பழைய சிரைக்குள் வைக்காமல் அப்பாவின் சொந்தத் தமனியிலேயே வைக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆஞ்சியோ சிடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.