லைசன்ஸ் கட்டணத்தில் விழுந்து எழும்பிய ஆளுநர்

கேள்வி: அமெரிக்காவில் ஆளுநராக இருப்பவர்கள் ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிறார்கள். இங்கே எந்த ஆளுநருக்கும் அந்த யோகம் வருவதில்லையே, ஏன்?
- வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: பெயர்தான் ஒன்று தம்பி, வேலை வேறு. இலங்கையில் நம்முடைய மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். நீங்களோ நானோ அவருக்கு வாக்குப் போட்டதில்லை. அங்கே மாநில மக்களே ஆளுநரைத் தெரிவுசெய்கிறார்கள். வரவு செலவு, வீதி, பள்ளிக்கூடம், சிறைச்சாலை எல்லாம் அவர் தலையில். நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரம் மட்டும் பல மடங்கு.

பில் கிளின்டனின் கதையைக் கேளுங்கள். 1978இல் ஆர்கன்சோ மாநில ஆளுநராகத் தெரிவானபோது அவருக்கு வயது 32. வீதி திருத்தக் காசு வேண்டுமென்று வாகன லைசன்ஸ் கட்டணத்தைக் கூட்டினார். வண்டியின் பாரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பதால், பழைய பாரமான வண்டி வைத்திருந்த கிராமத்துச் சனத்துக்குத்தான் அடி. அப்போது அங்கே ஆளுநர் பதவி இரண்டே வருடம். 1980இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாநிலத்தில் இருந்த கியூபா அகதிகள் முகாமில் நடந்த கலவரமும் அவர் கணக்கில்தான் எழுதப்பட்டது. அப்புறம் 1982 தேர்தலுக்கு முன் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து, பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னார். வென்றார். 1992இல் ஜனாதிபதித் தேர்தலிலும் வென்றார்.

புகைச் சான்றிதழையும் இன்சூரன்ஸ் அட்டையையும் பிடித்துக்கொண்டு, என் பழைய ஸ்கூட்டருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனுஷன் ஞாபகம் வரும். அந்தக் காசும் மாகாண சபைக்குப் போகிற காசுதான். அதற்காக இங்கே யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கார்ட்டர், ரீகன், கிளின்டன், இளைய புஷ் எல்லோரும் முன்பு ஆளுநர்கள். 1976 முதல் 2004 வரை 1988 தவிர எல்லா ஜனாதிபதித் தேர்தலிலும் வென்றது இவர்கள்தான். பிறகு காற்று மாறிவிட்டது. 2024இல் குடியரசுக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்த உட்கட்சிப் போட்டியில், புளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் அயோவா மாநிலத்தில் டிரம்ப்பிடம் தோற்ற கையோடு ஒதுங்கிக்கொண்டார். நிக்கி ஹேலி தான் ஆளுநராக இருந்த தென் கரோலினாவிலேயே தோற்றார்.

சரி, இங்கே அந்த ஏணியில் ஏறியவரே இல்லையா என்றால், ஒருவர் உண்டு. சந்திரிகா 1993 மே மாதம் மேல் மாகாண முதலமைச்சர், 1994 ஓகஸ்டில் பிரதமர், நவம்பரில் ஜனாதிபதி. ஆனால் அவருடைய அப்பாவும் அம்மாவும் பிரதமர்களாக இருந்தவர்கள். கிளின்டனின் அப்பாவோ மகன் பிறப்பதற்கு முன்பே கார் விபத்தில் போய்விட்டார்.

இன்னொருவர் அந்த வழியில் வருவாரா என்று கேட்பீர்கள். மேல் மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2014 மார்ச்சில்.