பின்சக்கர பிரேக் டிஸ்க்கும் பேடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காரின் பின்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பற்றி வந்த கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் அளிக்கிறேன். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தகடு; அதன் இருபுறமும் அழுத்தி உரசி வேகத்தைக் குறைப்பவை பேடுகள்.

கேள்வி: பின்சக்கரத்திலிருந்து உரசும் சத்தம் வருகிறது. பேடு தீர்ந்துவிட்டது, டிஸ்க்கும் தேய்ந்துவிட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பேடு மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதுமா, போதாதா என்பதை முடிவு செய்ய வேண்டியது டிஸ்க்கின் தடிமன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதைத் தயாரித்தவர்கள் நிர்ணயித்த குறைந்தபட்சத் தடிமன் ஒன்று உண்டு. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவே மேடாக இருக்கும் பகுதியிலோ அந்த அளவைப் பொறித்திருப்பார்கள். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், எழுத்து தெரியும். சிறிய கார்களில் பின்சக்கர டிஸ்க் பெரும்பாலும் நடுவில் காற்று இடைவெளி இல்லாத ஒற்றைத் தகடுதான். புதிதாக 10 மில்லிமீட்டர் இருக்கும் டிஸ்க்குக்கு 8 மில்லிமீட்டர் கடைசி எல்லை என்பது பரவலாகக் காணப்படும் அளவு. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் தேய்மானம்தான் அனுமதி. இவ்வளவு குறைந்த இடத்தில் கண்மதிப்பு உதவாது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேடு படாத வெளிவிளிம்பு தேயாமல் வரப்புபோல மேடாக நிற்கும். சாதாரண வெர்னியர் அளவுகோலை வைத்தால் அது அந்த மேட்டின் மீது உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் நல்ல டிஸ்க் என்று காட்டிவிடும். ஆகவே மைக்ரோமீட்டரால், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் ஆறு அல்லது எட்டு இடங்களில் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். எல்லைக்கு மேல் போதிய தடிமன் இருந்து, மேற்பரப்பும் சமமாக இருந்தால் பேடு மட்டும் மாற்றலாம். அளவு எல்லையை ஒட்டி வந்துவிட்டாலோ, விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளக்கோடுகள் இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ டிஸ்க்கையும் மாற்றுவதே சரி. பின்சக்கர டிஸ்க்கைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்துச் சமப்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை. இருக்கும் சொற்பத் தடிமனையும் அது தின்றுவிடும். பேடைப் பொறுத்தவரை, உரசும் பொருள் ஒட்டியிருக்கும் இரும்புப் பின்தகட்டைச் சேர்க்காமல் உரசும் பொருளின் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு வந்தவுடன் புதியதை வாங்கி வைத்துவிடுங்கள்.

மழையில் நனைந்த கார் ஓரிரவு நின்றால் டிஸ்க்கில் படியும் செம்மஞ்சள் துரு வேறு விஷயம். சில முறை பிரேக் பிடித்ததும் அது போய்விடும்.

கேள்வி: பின்பக்க இடது சக்கரத்தில் உள்பக்கப் பேடு இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கப் பேடோ பாதிக்கு மேல் இருக்கிறது. வலது சக்கரத்தில் இரண்டும் ஒரே அளவு. இது எதனால்?

பதில்: இந்தக் கேள்விக்கு விடை காணாமல் புதிய பேடும் டிஸ்க்கும் போட்டால், அவையும் இதே கதிக்கு ஆளாகும். பேடுகள் சீராகத் தேய்ந்து தீர்வது இயல்பு. ஒன்று மட்டும் தீர்ந்தால் அது ஒரு பழுதின் அடையாளம்.

டிஸ்க்கைக் கவ்வி நின்று பேடுகளை அழுத்தும் அமைப்புதான் காலிப்பர். பெரும்பாலான கார்களில் அதற்கு உள்பக்கத்தில் மட்டும், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் நகரும் ஒரு பிஸ்டன் இருக்கும். அது உள்பக்கப் பேடைத் தள்ளுகிறது. அதே விசையின் எதிர்விளைவால் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மீது நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை இழுத்து டிஸ்க்கில் அழுத்துகிறது. அந்தப் பின்கள் இறுகிவிட்டால் வெளிப்பக்கப் பேடுக்கு வேலையே இருக்காது. முழுச் சுமையும் உள்பக்கப் பேடின் தலையில் விழும். காலிப்பரைக் கழற்றியதும் முதலில் ஒவ்வொரு பின்னையும் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல பின் விரல் விசைக்கே வழுவழுப்பாக நகரும். கெட்டுப்போன பின்னை இடுக்கியால் முறுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெளியே வரும்போது பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பு நிறப் பொருக்காக ஒட்டியிருக்கும், கிழிந்த ரப்பர் உறை வழியே தண்ணீர் புகுந்த இடத்தில் துரு ஒரு வளையமாகத் தின்றிருக்கும். அத்தகைய பின்னைச் சுரண்டி மீண்டும் போடாமல் உறையோடு சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். சில காலிப்பர்களில் இரண்டு பின்களும் ஒன்றுபோல இருக்காது, ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாறிவிடக் கூடாது. இதற்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸையே தடவ வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்து, பின்னை மீண்டும் இறுக்கிவிடும்.

பின்கள் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் பிஸ்டன் மீதும் ஹேண்ட் பிரேக் மீதும் விழ வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். கடினமாகச் சுற்றினால், காலிப்பரின் பின்னால் உள்ள நெம்புகோலிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது இலகுவாகச் சுற்றினால் கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது என்று பொருள். கேபிளைக் கழற்றிய பிறகும் அந்த நெம்புகோல் தன் இருப்பிடத்துக்குத் திரும்பவில்லை என்றால் கோளாறு காலிப்பரிலேயே இருக்கிறது.

கேள்வி: முன்சக்கரப் பேடுகளை நானே மாற்றியிருக்கிறேன். பின்சக்கரத்தில் பிஸ்டனை கிளாம்ப் வைத்து எவ்வளவு அழுத்தியும் உள்ளே போகவில்லை. ஏன்?

பதில்: தயவுசெய்து இனி அழுத்தாதீர்கள். பின்சக்கர பிரேக்கை முன்சக்கர பிரேக்கின் சிறிய வடிவம் என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. உங்கள் காரில் ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பருக்குள் இருக்கிறது. பேடு தேயத் தேய அந்த இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ள, பிஸ்டனுக்குள் ஒரு திருகுத் தண்டு அமைந்திருக்கிறது. நேராகத் தள்ளினால் அந்தத் திருகு எதிர்த்து நிற்கும்; மேலும் விசை கொடுத்தால் உள்ளமைப்பு உடையும். பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளங்களில் பொருந்தும் கருவியைக் கொண்டு, அழுத்தியபடியே சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். சில கார்களில் ஒரு பக்கக் காலிப்பர் மட்டும் எதிர்த்திசையில் சுற்றும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். உள்ளே போன பிறகு பிஸ்டன் பள்ளத்தை எந்த நிலையில் நிறுத்துவது என்பதும் முக்கியம்: உள்பக்கப் பேடின் பின்தகட்டில் ஒரு சிறு குமிழ் இருந்தால், அது அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேடு சாய்வாக நின்று, ஆப்பு வடிவில் தேயும். சுற்றும்போது பிஸ்டனின் ரப்பர் உறை முறுக்கிக்கொள்கிறதா என்றும் கவனியுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பின்சக்கர வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அதாவது காரை நிறுத்திப் பிடிக்க அது உதவாது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கின் மீது நம்பிக்கை வைக்காமல் ஸ்டாண்டில் இறக்கிய பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது பானட்டுக்கு அடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மட்டம் ஏறும். வழிந்து பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேடுத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அதைச் சுவாசிப்பது நல்லதல்ல. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கலாம்.

பழைய டிஸ்க், சக்கரம் பொருந்தும் மையப் பகுதியான ஹப்போடு துருவால் ஒட்டிக்கொண்டு வர மறுப்பது வழக்கம். பல டிஸ்க்குகளில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானே கழன்று வரும். டிஸ்க்கின் நடுமேட்டுக்குள் ஹேண்ட் பிரேக்குக்கெனத் தனியாகச் சிறு ஷூக்கள் உள்ள கார்களில், அவற்றின் அட்ஜஸ்டரைத் தளர்த்தாமல் டிஸ்க்கை இழுக்கக் கூடாது. டிஸ்க் வந்தபின் ஹப்பின் முகத்தை உலோகம் தெரியும்வரை துரு நீக்கிச் சுத்தம் செய்யுங்கள். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஹப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருப்பொருக்குகூட டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பெரிய ஆட்டமாக மாறும். புதிய டிஸ்க்கில் பூசியிருக்கும் பாதுகாப்பு எண்ணெயைக் கிளீனரால் முழுமையாக நீக்கி, பேடுகளின் பின்தகட்டு முனைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் நகரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, கையால் தள்ளினால் நகரும்படி பொருத்துங்கள். போல்ட்டுகளை கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

கேள்வி: என் காரில் ஹேண்ட் பிரேக் ஒரு பட்டன்தான். இதிலும் அதே முறையா?

பதில்: இல்லை. உங்கள் காலிப்பரின் பின்னால் ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. டயக்னாஸ்டிக் கருவி மூலமோ, சில கார்களில் பட்டனையும் பெடலையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தியோ, முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்தால் மோட்டார் பின்வாங்கும். அதன்பின் பிஸ்டன் பெரும்பாலும் நேராகத் தள்ளினாலே உள்ளே போகும். மோட்டார் பின்வாங்காத நிலையில் தள்ளினால் உள்ளே உள்ள பல்சக்கரங்கள் உடையலாம். காலிப்பர் கழன்றிருக்கும்போது யாராவது பட்டனைத் தொட்டால் பிஸ்டன் வெளியேறிவிடலாம் என்பதோடு, கை நசுங்கும் அபாயமும் உண்டு. கருவி கைவசம் இல்லையென்றால் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. இரு பக்கமும் உராய்வு ஒரே மாதிரி இல்லையென்றால் அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபுறம் இழுக்கும். புதிய டிஸ்க்குக்குப் பழைய பேடையும் போட வேண்டாம். அது பழைய டிஸ்க்கின் பள்ளங்களுக்கேற்பத் தேய்ந்திருக்கும்.

கேள்வி: மாற்றிய பிறகு பெடல் ஆழமாகப் போகிறது, பிரேக் பிடியும் முன்போல இல்லை. வேலை சரியாக நடக்கவில்லையா?

பதில்: உள்ளே அனுப்பிய பிஸ்டன் மீண்டும் பேடைத் தொடும் இடத்துக்கு வர வேண்டும். ஆகவே காரை ஓர் அங்குலம்கூட நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை மெதுவாகப் பலமுறை மிதித்து, பிறகு ஹேண்ட் பிரேக்கையும் சில முறை இழுத்து விட வேண்டும். அதன் பிறகும் பெடல் பஞ்சுபோல இருந்தால் குழாயில் காற்று இருக்கலாம். அதை வெளியேற்றாமல் காரை ஓட்டாதீர்கள்.

பிடிமானம் குறைவாக இருப்பது புதிய பேடுக்கு இயல்பு. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை நிதானமாக வேகத்தைக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுங்கள். பத்து முறை போதும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறுவதற்குச் சிறிது தூரம் ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது பிரேக்கை மிதித்தபடியே நிற்கவோ ஹேண்ட் பிரேக் போடவோ வேண்டாம். பேடு நின்ற இடத்தில் அதன் பொருள் டிஸ்க்கில் படிந்து, பின்னாளில் அதிர்வாக வெளிப்படும். பிறகு முதல் 300 கிலோமீட்டர் வரை, அவசியம் ஏற்பட்டாலொழிய அழுத்திப் பிரேக் பிடிக்காதீர்கள். சிறிது நாற்றம் வருவது சகஜம். ஆனால் அதன் பின்னும் பெடல் துடித்தால் டிஸ்க்கை மீண்டும் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளந்து, கையேட்டில் சொல்லியிருக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே டிஸ்க்கைக் குறை சொல்லுங்கள்.