4,000 படங்களும் ஒரு மீன்கொத்தியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

சென்ற மாதம் இரண்டு நாள் பறவைகளைப் படமெடுக்கப் போய், 4,000 படங்களோடு திரும்பினேன். லைட்ரூம் கிளாசிக் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் ஏற்றி மூன்று வாரமாக உட்கார்ந்தும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து நட்சத்திரம் போடுகிறேன். மறுநாள் மனம் மாறி அதை மாற்றுகிறேன். பெரிதாக்கும்போதெல்லாம் கணினியும் திணறுகிறது. புதிய கணினி வாங்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். கணினி பாவம், அது ஒவ்வொரு ரா கோப்பையும் (கேமரா பதிந்த பச்சைத் தரவை) உங்களுக்காகப் படமாகச் சமைத்துக் காட்டுகிறது. ஒரு படம் தெளிய மூன்று வினாடி என்று வைத்துக்கொண்டாலும், 4,000 படங்களுக்குக் காத்திருப்பு மட்டுமே மூன்று மணி இருபது நிமிடம்! அந்த வேலையை நீங்கள் தூங்கும்போது செய்யவிடுங்கள். இரவில் எல்லாப் படங்களுக்கும் 1:1 (முழு அளவு) முன்னோட்டங்களை உருவாக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம். அடுத்த முறை ஏற்றும்போது 'எம்பெடட் அண்ட் சைட்கார்' முன்னோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ரா கோப்புக்குள் கேமராவே ஒரு ஜேபெக் படத்தை வைத்திருக்கும். லைட்ரூம் அதை எடுத்துக் காட்டிவிடும். போட்டோ மெக்கானிக் என்ற படத்தேர்வு மென்பொருள் அத்தனை வேகமாக ஓடுவதும் இந்த ஜேபெக்கின் தயவில்தான்.

ஆனால் உங்களுடைய மூன்று வாரத்தைத் தின்றது நட்சத்திரம். மூன்றா நான்கா என்று யோசிக்கும் நேரத்தில் பத்துப் படங்களைத் தாண்டியிருக்கலாம். முதல் சுற்றில், தேர்வுக்கொடி போடும் பி (P) விசை ஒன்று போதும். பிடித்தால் பி, இல்லையென்றால் வலது அம்பு. கேப்ஸ் லாக்கைப் போட்டுவைத்தால் பி அழுத்தியதும் அடுத்த படம் தானாக வரும். எதைக் கழிப்பது என்று தேடாதீர்கள். நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவில் விரலை இரண்டு நொடி அழுத்தினால் நாற்பது படம். நாற்பதுக்கும் தீர்ப்பு எழுத நாம் நீதிபதிகளா?

என்னிடமிருந்த ஒரு மீன்கொத்தித் தொடரைச் சொல்கிறேன். கிளையை விட்டு எழுந்ததிலிருந்து நீரில் விழுந்தது வரை 38 படங்கள். சிறிதாகவே வைத்து ஓட்டினேன். கிளையில் இருந்தவையும் நடுவானில் முதுகு காட்டியவையும் தாமாகவே ஒதுங்கின. அலகு நீரைத் தொடும் மூன்று படங்கள் மிஞ்சின. அப்போதுதான் முதல்முறையாகப் பெரிதாக்கினேன், அதுவும் கண்ணை மட்டும். மிகக் கூர்மையாக இருந்த படத்தில் கண் பால்போல வெளுத்திருந்தது. ஃபோகஸ் பிழை என்று தள்ளப் பார்த்தேன். மீன்கொத்தி நீரில் பாயும்போது இமைச்சவ்வு கண்ணை மூடிக்கொள்ளும். படம் சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் வைத்துக்கொண்டேன். அதே வெளுப்பு கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையின் கண்ணில் இருந்தால் யோசிக்காமல் விட்டுவிடுவேன்.

இரண்டாம் சுற்றில், பி போட்டவற்றை மட்டும் வடிகட்டி, ஒரே மாதிரியான நாலைந்தைத் தேர்ந்துகொண்டு 'என்' (N) விசையை அழுத்துங்கள். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வரும். தோற்றதற்கு எக்ஸ் (X) விசை. எக்ஸ் வெறும் குறிதான், எதையும் அழிக்காது. வட்டிலிருந்து அழிப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். எடுத்த அன்றிரவே அழித்துவிட்டு, மங்கலாகப் பறந்த ஓர் ஆந்தைக்காக நான் இன்னும் வருந்துகிறேன்.

இதுவரை போட்ட நட்சத்திரங்களை என்ன செய்வது என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அவற்றை மறந்துவிட்டு முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும்.

அன்புடன்