ஃபைபர் படகைக் கரையில் ஏற்றி நிறுத்தலாமா? அடிப்பாகம் தேயாமல் நங்கூரம் போடுவது எப்படி?

முடிந்தவரை ஏற்றாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கவிட்டு முன்னும் பின்னும் கட்டுங்கள்.

படகு ஒருமுறை மெதுவாக மணலைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கேடெல்லாம் அதற்குப் பிறகுதான். பாதி தரையிலும் பாதி நீரிலுமாக நிற்கும் படகைச் சிற்றலைகூடத் தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மணல் அடியை அரைக்கும். ஃபைபரின் மேல் இருக்கும் ஜெல்கோட் பூச்சின் கனமோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். படகின் அடியில் நடுக்கோடாக நீளும் கீலின் ஓரத்தில் அது தேய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வழியாக நீர் இறங்கும். மணலுக்குள் ஒரு கல் புதைந்திருந்தால் இன்னும் மோசம், மொத்த எடையும் அந்த ஒரு புள்ளியில் விழும்.

கரையை நோக்கி அலை எழும் இடத்தில் படகின் முன்பக்கம் அலையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்பக்கம் தாழ்வானது, அலை அதன் மேலேறி உள்ளே கொட்டிவிடும். அதனால் வெளியே 2 மீட்டர் ஆழத்தில் படகைத் திருப்பி, முன்பக்க நங்கூரத்தை இறக்குங்கள். எறிய வேண்டாம், சங்கிலி சிக்கிக்கொள்ளும். மிக மெதுவாக ரிவர்ஸில் கரைப்பக்கம் வந்தபடியே கயிற்றை விடுங்கள்.

பலர் கோட்டை விடுவது கயிற்றின் நீளத்தில்தான். ஆழத்தோடு, தண்ணீர் மட்டத்திலிருந்து படகில் கயிறு கட்டும் இடம் வரையான உயரத்தையும் கூட்ட வேண்டும். 2 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 3 மீட்டர். அதன் 5 மடங்கு, 15 மீட்டர், குறைந்தபட்சம். 7 மடங்கு, 21 மீட்டர், இருந்தால் நிம்மதி. கடல் ஏறும் நேரமானால் ஏறப்போகும் அளவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் இழுவை மேல்நோக்கிப் போய் நங்கூரம் பெயர்ந்துவிடும். நங்கூரத்தை ஒட்டி சில மீட்டர் சங்கிலி இருந்தால் இழுவை தரையோடு படுத்திருக்கும். மணலுக்கு அகன்ற தகடுள்ள டான்ஃபோர்த் வகை நன்றாகப் பிடிக்கும். பாறையில் அதை நம்பக் கூடாது.

5 மடங்கு விட்டதும் கயிற்றைக் கட்டி, ரிவர்ஸில் லேசாக இழுத்துப் பாருங்கள். கரையில் பக்கவாட்டாகத் தெரியும் ஒரு மரமும் அதன் பின்னால் உள்ள இன்னொரு அடையாளமும் விலகாமல் ஒரே நேர்கோட்டில் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. இடுப்பளவு வந்ததும் எஞ்சினை அணைத்து, பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் அந்த அவுட்போர்டு எஞ்சினை மேலே தூக்குங்கள். புரொப்பெல்லர் நின்ற பிறகே ஆள் இறங்கலாம். ஆழமில்லாத இடத்தில் எஞ்சின் ஓடினால் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சி, எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைத் தின்றுவிடும்.

இரண்டாவது நங்கூரத்தைப் பின்பக்கக் கயிற்றோடு கரைக்குக் கொண்டுபோய், அலை எட்டாத இடத்தில் புதையுங்கள். ஆட்கள் இறங்கியதும் முன்கயிற்றை இழுத்துப் படகை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு நகர்த்திவிடலாம்.

கடல் வற்றும் நேரமென்றால் அரைமணிக்கு ஒருமுறை ஆழம் பாருங்கள். தரை தட்டிய பிறகு ஒன்றரை டன் படகை நாலு பேர் தள்ளினாலும் அசையாது. எஞ்சினைப் போட்டு முறுக்கினால் கீல்தான் கிழியும்.

கீலில் ஒட்டும் பாதுகாப்புப் பட்டை உதவும், ஆனால் அது நடுக்கோட்டை மட்டுமே காக்கும். வற்றிய தரையில் படகு சாய்ந்தால் பக்கவாட்டு விளிம்பு அடிவாங்கும். கரையேற்றிய ஒவ்வொரு முறையும் கீலின் முன்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இழை தட்டுப்பட்டால், நன்றாக உலரவைத்துச் சரிசெய்யும்வரை படகைத் தண்ணீரில் விடாதீர்கள்.